வெளிநாட்டில் மாஸ்டர்ஸ், எஸ்ஸேயில் மார்க் வரவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங்கோ பி.காமோ முடித்துவிட்டு பிரிட்டனுக்கு ஒரு வருட மாஸ்டர்ஸ் படிக்கப் போகிற தம்பி தங்கைகளின் வரைவுகளைப் படித்து எனக்குத் தோன்றியதைச் சொல்லி வருகிறேன். முதல் செமஸ்டர் அசைன்மென்ட் மார்க் வந்ததும் எல்லோரிடமிருந்தும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் வருகின்றன, அதனால் பதில்களை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். பெரும்பாலும் பிரிட்டனை மனதில் வைத்து எழுதியது. ஜெர்மனி பற்றியும் நடுவில் கொஞ்சம் வரும்.

பன்னிரண்டாவதில் ஆங்கிலத்தில் 95, ஐஇஎல்டிஎஸ்ஸில் 7. அப்புறம் எப்படி முதல் எஸ்ஸேக்கு 54?

முதலில், 54 ஃபெயில் கிடையாது. பிரிட்டனில் பெரும்பாலான மாஸ்டர்ஸ் படிப்புகளில் 50 வந்தால் பாஸ், 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். 80-க்கு மேல் வாங்குவது அபூர்வம். 95 எடுத்துப் பழகியவருக்கு 64 என்ற எண்ணைப் பார்த்ததும் அழுகை வரும், ஆனால் அங்கே அது நல்ல மார்க். வீட்டிலும் இதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

சரி, 54 ஏன்? ஐஇஎல்டிஎஸ் எஸ்ஸே உங்களிடம் கேட்டது 40 நிமிடத்தில் 250 வார்த்தை, எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல், உங்களுக்குத் தோன்றியது. பல்கலைக்கழகம் கேட்பது 3,000 வார்த்தை, அதுவும் பதினைந்து இருபது ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, அவற்றை எழுதியவர்கள் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்து, அதில் நீங்கள் யார் பக்கம், எந்த ஆதாரத்தால் என்று காட்ட வேண்டும். இதற்கு நல்ல ஆங்கிலம் வேண்டும்தான், அது மட்டும் போதாது.

நம் பொதுத்தேர்வில் விடைக்குறிப்பில் உள்ள பாயிண்ட் ஒவ்வொன்றுக்கும் மார்க். புக் பேக் கேள்விகளை நெட்டுரு போட்டு, தலைப்புக்கு அடிக்கோடு போட்டு, படம் வரைந்து, புத்தகத்தில் இருப்பதை ஒன்றுவிடாமல் எழுதினால் முழு மார்க். லட்சக்கணக்கான விடைத்தாள்களை ஒரே அளவுகோலில் திருத்த வேண்டிய இடத்தில் இப்படி ஒரு முறை வளர்ந்ததில் வியப்பு ஒன்றுமில்லை, அதில் கெட்டிக்காரராக வருவதும் லேசான காரியமில்லை. ஆனால் அந்தப் பயிற்சி சோதிப்பது கொடுத்ததைக் குறையாமல் திருப்பித் தருகிறீர்களா என்பதை. அங்கே திருத்துகிற பேராசிரியருக்குப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று உங்களைவிட நன்றாகத் தெரியும், அதை அவருக்கே திரும்பச் சொன்னால் மார்க் ஐம்பதுகளிலேயே நின்றுவிடும்.

எல்லா ஃபீட்பேக்கிலும் ‘விவரிப்பு அதிகம், விமர்சன நோக்கு குறைவு’ என்று எழுதுகிறார்கள். என்னதான் வேண்டும் அவர்களுக்கு?

இதற்கு ஒரு உதாரணத்தோடுதான் பதில் சொல்ல முடியும். கேள்வி இதுதான் என்று வைத்துக்கொள்வோம்: ‘சிறுகடன் திட்டங்கள் வறுமையைக் குறைக்கின்றனவா?’

நம் பிள்ளைகள் எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும். சிறுகடன் என்றால் என்ன, பங்களாதேஷில் முகமது யூனுஸ் கிராமீன் வங்கியை எப்படித் தொடங்கினார், 2006-ல் அவருக்கும் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது, சிறுகடனின் நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து, முடிவுரை. ஒன்றும் தப்பில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை.

மார்க் வாங்கும் பத்தி வேறு மாதிரி நகரும். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் ஹைதராபாத் குடியிருப்புகளில் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. சிறுகடன் கிடைத்த பகுதிகளில் தொழில் முதலீடு கொஞ்சம் கூடியது, ஆனால் பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம், வீட்டில் பெண்களின் முடிவெடுக்கும் உரிமை ஆகியவற்றில் குறிப்பிடும்படி மாற்றம் தெரியவில்லை என்பது அதன் முடிவு. அப்படியென்றால் சிறுகடன் வறுமையை ஒழிக்கும் என்று யூனுஸ் தரப்பு சொன்ன பெரிய வாக்குறுதி அடிபடுகிறதா? ஓரளவுக்கு. ஆனால் இந்த ஆய்வு ஒரு பெருநகரத்தில் நடந்தது, வேறு கடன் வழிகளும் இருந்த இடம் அது, வேறு வழியே இல்லாத கிராமத்துக்கும் இதே முடிவு பொருந்துமா? பொருந்தாது என்று நினைத்தால் ஏன், எந்த ஆய்வை வைத்துச் சொல்கிறீர்கள்? இப்படி ஒரு கூற்றை எடுத்து, அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்த்து, கடைசியில் ‘இந்த அளவுக்கு ஏற்கிறேன், இதற்கு மேல் இல்லை’ என்று நிற்பதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நிறையப் பேர் திட்டித் தீர்ப்பதுதான் விமர்சனம் என்று நினைத்து நல்ல ஆய்வையும் குறை சொல்லப் போகிறார்கள். ஒரு கருத்தை முழுமனதாக ஏற்பதும் விமர்சனம்தான், காரணம் காட்டினால் போதும்.

இவ்வளவு பெரிய அறிஞர்களை மறுக்க நான் யார்? மரியாதைக் குறைவாக இருக்காதா?

இந்தத் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. வகுப்பில் எழுந்து ‘சார், அது தப்பு’ என்று சொன்னால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் இது நம் பண்பாடே இப்படித்தான் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நன்னூல் பாயிரத்தைத் திறந்து பாருங்கள். நூல் எழுதுகிறவர் கைக்கொள்ளத்தக்க ஏழு மதங்களை, அதாவது பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு நிலைப்பாடுகளை, அதை எழுதிய பவணந்தி முனிவர் அடுக்குகிறார்: பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துவது, இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, யாரோடும் சேராமல் தன் கருத்தைக் கொள்வது. மேலே சிறுகடன் உதாரணத்தில் ‘யூனுஸ் தரப்பா, ஹைதராபாத் ஆய்வா’ என்று கேட்டது ஐந்தாவது மதம். 13-ஆம் நூற்றாண்டிலேயே நமக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், பள்ளியில் மனப்பாடப் பகுதியாகக் கடந்து வந்துவிட்டோம், அதுதான் வருத்தம்.

உரையாசிரியர்களும் அப்படித்தான். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தனக்கு முன் எழுதிய இளம்பூரணரை இடத்துக்கு இடம் மறுக்கிறார். பரிமேலழகர் ‘என்பாரும் உளர்’ என்று மாற்றுக் கருத்தைச் சொல்லிவிட்டு அது ஏன் பொருந்தாது என்று காட்டுகிறார். அவமரியாதை எங்கேயும் இல்லை, கருத்தைத்தான் தொடுகிறார்கள், ஆளைத் தொடுவதில்லை. இன்றைய ஆய்வெழுத்து இதோடு கூடுதலாகக் கேட்பது ஒன்று: ‘என்பாரும் உளர்’ என்று பொதுவாக விடாமல், அந்த ‘பாரும்’ யார், எந்த வருடம் சொன்னார் என்று பெயரோடு எழுத வேண்டும்.

புத்தகத்தில் அழகாக எழுதியிருக்கிறது. என் உடைந்த ஆங்கிலத்தில் மாற்றி எழுதுவதைவிட அப்படியே போடுவதில் என்ன தப்பு?

நம் மரபில் இதற்கு இடம் இருந்தது. ‘முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்’ என்று அதே நன்னூல் சொல்கிறது. ஒரு குறளடியைப் பேச்சில் எடுத்துச் சொல்கிறவர் திருவள்ளுவர் பெயரையும் குறள் எண்ணையும் சொல்லத் தேவையில்லை, கேட்கிறவருக்குத் தெரியும், தெரிந்தவர்களுக்கு நடுவே அது ஒரு மரியாதை. கேட்கும் கூட்டம் மாறிவிட்டால் அதே செயலுக்கு அர்த்தமும் மாறிவிடுகிறது. நீங்கள் எடுத்த வரி யாருடையது என்று தெரியாத வாசகர் அது உங்களுடையது என்று நினைத்துவிடுவார். பிரிட்டன் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பெயர் கருத்துத் திருட்டு. பெரும்பாலும் விசாரணை, மார்க் குறைப்பு, முற்றினால் படிப்பே போகும்.

இது எல்லாம் வெறும் ஏமாற்று என்று ஆய்வாளர்களும் சொல்வதில்லை. மொழியியலாளர் அலாஸ்டைர் பென்னிகுக் ஹாங்காங்கில் கற்பித்த அனுபவத்தை வைத்து 1996-ல் எழுதிய கட்டுரையில், மனப்பாடம் வழியாகக் கற்கும் மாணவர்களைத் திருடர்கள் என்று சுருக்கிவிடக் கூடாது என்று வாதிட்டார். எழுத்துக் கல்வி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹோவர்டு, மூலத்தின் வாக்கியத்தை எடுத்து அங்கங்கே சொற்களை மட்டும் மாற்றி ஒட்டுப்போடுவதை, புதிய துறைக்குள் நுழைகிறவர் கடந்துபோகும் கட்டம் என்றார். நான் படித்த வரைவுகளும் அதைத்தான் காட்டுகின்றன: புரியாத இடத்தில்தான் ஒட்டு விழுகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், விசாரணைக் குழு முன்னால் ‘எங்கள் ஊரில் இது வழக்கம்’ என்ற பதில் எடுபடாது. முதல் அசைன்மென்டுக்கு முன்பே பழக்கத்தை மாற்றுவதுதான் ஒரே வழி.

எப்படி மாற்றுவது? கட்டுரையைப் படியுங்கள், மூடி வையுங்கள். ‘இவர் என்ன சொல்கிறார்?’ என்று பக்கத்து அறை நண்பருக்குச் சொல்வதுபோல் தமிழிலேயே மூன்று வரி எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படியுங்கள். வந்துவிட்டால் அந்தத் தமிழை வைத்து ஆங்கிலத்தில் எழுதி, ஆசிரியர் பெயரையும் வருடத்தையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். மூலத்தின் ஆங்கில வாக்கியம் கண்முன்னே இல்லாததால் ஒட்டு விழ வழியில்லை. இரண்டு மொழி தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வசதி.

டர்னிடின் (நம் எழுத்து வேறு எதோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் மென்பொருள்) எத்தனை சதவீதம் காட்டினால் ஓகே?

இந்தக் கேள்வியே இந்தியப் பழக்கத்திலிருந்து வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் கொண்டுவந்த விதிமுறையில் 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை ஒரு நிலை, 40 முதல் 60 வரை அடுத்தது, அதற்கு மேல் இன்னொன்று என்று படி வைத்திருக்கிறார்கள். அதனால் 9 வந்தால் தப்பித்தோம் என்று மனதில் பதிந்துவிட்டது. பிரிட்டனில் பொதுவாக அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவெடுப்பதில்லை, திருத்துகிறவர் அறிக்கையைத் திறந்து பார்ப்பார். 25 சதவீதம் முழுக்க ரெஃபரன்ஸ் பட்டியலும் மேற்கோள் குறிக்குள் இருக்கும் வரிகளுமாக இருந்தால் கவலையில்லை. 6 சதவீதம் ஒரே இடத்திலிருந்து அப்படியே எடுத்த ஒரு முழுப் பத்தியாக இருந்தால் மாட்டிக்கொண்டீர்கள். எண்ணைக் குறைக்க, சொற்களை மாற்றித் தரும் ஆன்லைன் கருவிகளில் போட்டு எடுக்காதீர்கள், துறைச்சொல்லையெல்லாம் மாற்றி வைத்துவிடும், படித்தவுடனே தெரிந்துவிடும்.

ரூம்மேட்டும் நானும் ஒரே கோர்ஸ். சேர்ந்து எழுதலாமா?

சேர்ந்து படிக்கலாம், கேள்வியைப் பற்றி விடிய விடிய விவாதிக்கலாம். எழுதுவது தனித்தனியாக. ஹாஸ்டலில் கம்பைன் ஸ்டடி செய்து, ஒருவன் எழுதிய ரெக்கார்டைப் பார்த்து நாலு பேர் எழுதி வளர்ந்தவர்களுக்கு ‘என் ஃபைலை அனுப்பமாட்டேன்’ என்று நண்பனிடம் சொல்வது ரொம்பக் கஷ்டம், அது சுயநலமாகத் தெரியும். ஆனால் குழு வேலை என்று அறிவிக்காத அசைன்மென்டில் இரண்டு தாள் ஒத்துப்போனால், கொடுத்தவர் வாங்கியவர் இருவர்மேலும் விசாரணை வரும். உதவ ஆசை என்றால் அவன் எழுதியதைப் படித்து எங்கே புரியவில்லை என்று சொல்லுங்கள்.

முன்னுரையிலேயே முடிவைச் சொல்லச் சொல்கிறார்கள். அப்புறம் மீதியை யார் படிப்பார்?

இது துப்பறியும் கதையாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆய்வெழுத்தைப் படிக்கிறவர் அவசரத்தில் இருப்பவர், இந்தக் கட்டுரை தனக்கு வேண்டுமா என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துகொள்ளப் பார்ப்பார். ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் பிரித்துப் பார்த்து, அவை பெரும்பாலும் மூன்று அடியில் நகர்கின்றன என்று 1990-ல் காட்டினார்: இந்தத் துறையில் இதுவரை என்ன தெரியும், அதில் எது விடுபட்டிருக்கிறது, அந்த இடத்தில் நான் என்ன செய்யப்போகிறேன். இதை அப்படியே உங்கள் எஸ்ஸேக்குப் பயன்படுத்தலாம். ‘மனிதன் தோன்றிய காலத்திலிருந்தே வணிகம் இருந்து வருகிறது’ என்று தொடங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், பள்ளிக் கட்டுரையில் அது களைகட்டும், இங்கே 100 வார்த்தை வீண்.

நடுப்பத்திகளில் ஒவ்வொன்றும் ஏன் இங்கே வருகிறது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ‘வாசகர் புரிந்துகொள்வார்’ என்று விடக்கூடாது. மொழியியலாளர் ஜான் ஹைண்ட்ஸ் 1987-ல் ஜப்பானியத்தையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு, சில மொழிகளில் தொடர்பைக் கண்டுபிடிப்பது வாசகர் பொறுப்பு, ஆங்கிலத்தில் அது எழுதுகிறவர் பொறுப்பு என்றார். தமிழில் நாம் நிறைய விஷயங்களைக் குறிப்பால் விடுகிறோம், அது ஒரு அழகு. ஆங்கில எஸ்ஸேயில் அதே இடத்தில் ‘தொடர்பு தெளிவாக இல்லை’ என்று ஓரத்தில் எழுதுவார்கள்.

‘நான்’ என்று எழுதலாமா?

துறையைப் பொறுத்தது. சமூக அறிவியலில் பல இடங்களில் தாராளமாக எழுதுகிறார்கள், சில அறிவியல் துறைகளில் விரும்புவதில்லை. உங்கள் மாட்யூல் கையேட்டில் இருக்கும், இல்லையென்றால் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்.

தமிழர்கள், பொதுவாக ஆசியர்கள், சுற்றி வளைத்துத்தான் யோசிப்பார்கள் என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

அது 1966-ல் ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் படித்த வெளிநாட்டு மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, ஒவ்வொரு மொழிக் குடும்பத்துக்கும் ஒரு கோட்டுப்படம் வரைந்தார். ஆங்கிலத்துக்கு நேர்கோடு, கீழைநாட்டாருக்குச் சுருள்வட்டம். பார்த்தவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும் படம், அதனால்தான் அறுபது வருடம் ஆகியும் வகுப்பறைகளில் சுற்றுகிறது.

இந்தப் படத்தை நம்பிவிடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன். இரண்டாம் மொழியில் தட்டுத் தடுமாறி எழுதிய பக்கங்களை வைத்து ஒரு மக்களின் சிந்தனையைக் கணிக்க முடியாது, அவர்களுக்குப் பள்ளியில் என்ன எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை வேண்டுமானால் கணிக்கலாம். கப்லானே பின்னாளில் தன் கருத்தை நிறையத் தளர்த்திக்கொண்டார். ஐரோப்பாவுக்குள்ளேயே நேர்கோடு நிற்கவில்லை: ஜெர்மன் ஆய்வாளர்களின் கட்டுரைகளில் கிளைப்பேச்சுகள் (விஷயத்தை விட்டு விலகிப் போகும் பகுதிகள்) அதிகம், ஆங்கிலக் கட்டுரைகளில் குறைவு என்று மொழியியலாளர் மைக்கேல் கிளைன் 1987-ல் காட்டினார். ஜெர்மானியர்களுக்குச் சிந்திக்க வராது என்று யாரும் சொல்லவில்லையே.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சுரேஷ் கனகராஜா, இன்று அமெரிக்காவில் பேராசிரியர், இலங்கைத் தமிழறிஞர் கா. சிவத்தம்பியின் எழுத்துகளை எடுத்துக்கொண்டார். உள்ளூர் வாசகருக்குத் தமிழில் எழுதியது, உள்ளூர் வாசகருக்கே ஆங்கிலத்தில் எழுதியது, வெளிநாட்டு ஆய்விதழுக்கு ஆங்கிலத்தில் எழுதியது என மூன்றை ஒப்பிட்டார். வாசகருக்கும் இடத்துக்கும் ஏற்ப எழுதும் முறை மாறுகிறது. ஒரே தமிழர், ஒரே மூளை, மூன்று விதமான எழுத்து. பிறப்பிலேயே சுருள்வட்டம் இருந்தால் இது எப்படி நடக்கும்?

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களையும் அந்த வகுப்பில் நினைவுபடுத்துங்கள். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், வெற்றெனத் தொடுத்தல், நின்று பயனின்மை எல்லாம் அதில் குற்றங்கள். சுற்றி வளைப்பதை நம் இலக்கணம் எங்கே புகழ்ந்தது?

அப்படியென்றால் ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு வேறு விதிகளா?

அடிப்படை ஒன்றுதான். பிறர் கருத்தைப் பெயரோடு சொல்வது, உங்கள் வாதத்தை ஆதாரத்தோடு நிறுத்துவது. மார்க் மட்டும் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 வரை பாஸ். தீசிஸோடு ‘இது என் சொந்த வேலை, பயன்படுத்திய மூலங்களையெல்லாம் குறிப்பிட்டிருக்கிறேன்’ என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதைச் சடங்காக நினைக்க வேண்டாம்.

இதெல்லாம் அவர்கள் முறையை நம்மேல் திணிப்பதுதானே? நாம் ஏன் மாற வேண்டும்?

நியாயமான கோபம். கனகராஜா இதைப் பற்றித்தான் 2002-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர் அவர். மின்சாரம் இல்லை, தாள் தட்டுப்பாடு, தபால் எப்போது போய்ச் சேரும் என்று தெரியாது, ஆனால் மேற்கத்திய ஆய்விதழ்கள் சுத்தமாகத் தட்டச்சு செய்த பல பிரதிகளும் அண்மைக்கால மேற்கோள்களும் கேட்டன. அங்கே இருந்தவர்களின் அறிவு குறைந்ததில்லை, விதிகளைப் பூர்த்தி செய்யும் வசதிதான் இல்லை. யாருடைய அறிவு அச்சேறுகிறது என்பதில் அதிகாரம் இருக்கிறது என்று அவர் காட்டியதை நான் முழுதாக ஏற்கிறேன்.

ஆனால் அவர் விதிகளைக் கற்காமல் விடவில்லை. கற்று, அந்த இதழ்களிலேயே எழுதி, அதற்குள் நின்று அந்த விதிகளைக் கேள்வி கேட்டார். நீங்களும் டிசர்டேஷனில் தமிழ் மூலங்களை மேற்கோள் காட்டலாம், திருப்பூர் பனியன் கம்பெனி பற்றியோ மகளிர் சுய உதவிக் குழுக்கள் பற்றியோ நீங்கள் நேரில் அறிந்ததைக் கேள்வியாக மாற்றலாம், மேற்கத்தியக் கோட்பாடு நம் ஊரில் எங்கே பொருந்தவில்லை என்று காட்டலாம். அதைவிட வலுவான விமர்சன நோக்கு எதுவும் இல்லை, அங்கே உள்ள மாணவர் பலருக்கு அது கைவராது.

சூப்பர்வைசரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைத்துவிட்டால்?

நினைக்க மாட்டார், கேட்பதற்கென்றே வாரத்தில் நேரம் ஒதுக்கியிருப்பார். ‘சார்’ வேண்டாம், பெரும்பாலும் பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்வார்கள், முதல் சில வாரம் வாய் வராது, பரவாயில்லை. ‘எனக்குப் புரியவில்லை’ என்று மட்டும் போகாமல், ‘இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?’ என்று ஒரு பத்தியாவது எழுதி எடுத்துப் போங்கள். அவர் எழுதும் மென்மையான குறிப்புகளையும் கவனியுங்கள்: ‘இந்த இடத்தை இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்’ என்று இருந்தால் அது கட்டாயம் திருத்த வேண்டிய இடம்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எழுத்துத் திறனுக்குத் தனி உதவி மையம் இருக்கிறது, மாணவர்களுக்கு இலவசம். எஸ்ஸேயைத் திருத்தித் தர மாட்டார்கள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பத்தி ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்வார்கள். செப்டம்பரில் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பதிவு செய்துவிடுங்கள், டெட்லைன் நெருங்கும் நவம்பர், டிசம்பரில் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.